பங்குனிக்குப் பங்குனி காஸ் கேட்கும் ஏசி: திருத்துவதா, மாற்றுவதா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம் புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில். அவருடைய அறையில் 2013இல் பூட்டிய 12,000 பி.ரி.யு. (குளிர்த்தும் திறனின் அளவு) ஏசி ஒன்று இருக்கிறது. தகட்டில் காஸ் ஆர்-22 என்று போட்டிருக்கிறது. மூன்று வருடமாகப் பங்குனி வந்தால் குளிர் குறையும், ஒருவர் வந்து காஸ் போடுவார், பிறகு ஓடும். இந்த முறை போட்டு ஒன்றரை மாதத்திலேயே குளிர் போய்விட்டது. உள் யூனிற்றின் மூடியைத் திறந்தால் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் கட்டியிருக்கிறது. இப்போது இரவு ஏழு, எட்டு மணிக்குப் போட்டால் வெளி யூனிற் முனகிவிட்டு ‘டிக்’ என்று நின்றுவிடுகிறது. காலையில் போட்டால் ஓடுகிறது. பார்த்தவர் கொம்பிரசர் போய்விட்டது, மாற்றத் தொண்ணூறாயிரம் வரும் என்றார். கடையில் 18,000 பி.ரி.யு. இன்வேட்டர் (கொம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் வகை), சூடும் குளிரும் தருவது எடுங்கள் என்கிறார்கள். கனடாவில் இருக்கும் தம்பி, பத்து வருடம் தாண்டினால் திருத்தவே கூடாது, தாங்கள் ஏசியையும் வீட்டைச் சூடாக்கும் மெசினையும் ஒன்றாகவே மாற்றினோம், காசு அனுப்புகிறேன் என்கிறான். வீடு சீற் போட்ட கல்வீடு, சீலிங் இல்லை. அறை பன்னிரண்டடிக்குப் பதினோரடி. வெளி யூனிற் மேற்குச் சுவரோரம் நிலத்தில் இருக்கிறது, பக்கத்தில் மாட்டுக்கொட்டில். என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம் தங்கச்சி. கடிதத்தில் எல்லாவற்றையும் விபரமாக எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. வழக்கமாக எனக்கு வருவது “ஏசி குளிரேல்லை, என்ன செய்ய?” என்ற ஒரு வரிதான்.

முதலில் கொம்பிரசர் கதை. காலையில் ஓடுகிற கொம்பிரசரைச் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செத்தது காலையிலும் எழும்பாது. உங்களுடையது எழும்ப முடியாமல் முனகுகிறது, சூடேறுகிறது, உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிச் ‘டிக்’ என்று வெட்டுகிறது, ஆறியதும் மறுபடி முயல்கிறது. அதுவும் இரவு ஏழு, எட்டு மணிக்கு. அந்த நேரத்தில்தான் ஊரே லைற்றும் ஃபானும் ரீவியும் தண்ணீர் மோட்டரும் போடுகிறது. மின்சார சபை உச்ச நேரம் என்று கணக்கு வைத்திருப்பதும் மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரைதான். நமது பக்கத்தில் ஒரு ட்ரான்ஸ்போமரிலிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்திருக்கும் தூரம் கொஞ்சநஞ்சமல்ல. கடைசிக் கம்பத்து வீட்டில் 230 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 190 வந்து நிற்கும். மோட்டர் ஒன்று எழும்பும் விசை வோல்ற்றேஜின் வர்க்கத்தோடு போகும். 230 என்பது 190 ஆனால் விசை ஏறத்தாழ மூன்றில் இரண்டாகிவிடும். லைற் கொஞ்சம் மங்கலாக எரிகிறதே என்று நீங்கள் நினைக்கும் அளவு இறக்கம், கொம்பிரசருக்கு எழும்ப முடியாத அளவு.

அதோடு கப்பாசிற்றரையும் சேருங்கள். வெளி யூனிற்றின் பக்கத் தகட்டைக் கழற்றினால் விரல் தடிப்பை விடப் பெரிய அலுமினிய உருளை ஒன்று நிற்கும். அதுதான் கொம்பிரசருக்கு எழும்பும்போதும் ஓடும்போதும் தள்ளிவிடுவது. 12,000க்குப் பெரும்பாலும் 30 அல்லது 35 மைக்ரோபரட் என்று அதில் எழுதியிருக்கும். வெயிலில் வெந்து வெந்து வருடக்கணக்கில் அதன் அளவு இறங்கும். 35 என்று எழுதியது 24 காட்டினால் காலையில் நல்ல கரண்டில் எழும்பும், இரவில் எழும்பாது. தலைப்பாகம் உப்பியிருந்தால் அளக்கவே தேவையில்லை. இந்தச் சாமான் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். தொண்ணூறாயிரத்துக்கும் அதற்கும் நடுவில் மீற்றரை வைத்து அளப்பதற்கு ஒரு அரை மணி நேரம்தான் இருக்கிறது. ஒரு விஷயம், மெயினை நிறுத்தினாலும் கப்பாசிற்றரில் கரண்ட் தங்கியிருக்கும். நீங்களோ வீட்டுப் பெடியளோ கை வைக்கவேண்டாம், தொழில் தெரிந்தவர் அதை இறக்கிவிட்டுத்தான் தொடுவார்.

வருகிறவரிடம் மூன்று அளவை உங்கள் முன்னாலேயே எடுத்து ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்கு, கொம்பிரசர் எழும்பும் கணத்தில், வெளி யூனிற்றின் முனையில் எத்தனை வோல்ற். கப்பாசிற்றர் எத்தனை மைக்ரோபரட். கொம்பிரசரின் மூன்று முனைகளுக்கும் இடையில் தடை எவ்வளவு, முனைக்கும் கொம்பிரசரின் இரும்பு உடம்புக்கும் இடையில் எவ்வளவு. பொது முனையிலிருந்து மற்ற இரண்டுக்கும் உள்ள தடைகளைக் கூட்டினால், அந்த இரண்டுக்கும் நேரே அளந்த தடை வரவேண்டும். கூட்டல் சரியாக வந்து, உடம்புக்குக் கசிவும் இல்லையென்றால் சுருள் நல்லாயிருக்கிறது. அப்படியிருக்கக் கொம்பிரசர் போய்விட்டது என்று சொல்பவரிடம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம். “நாங்கள் சத்தத்திலேயே பிடிப்போம்” என்று பதில் வந்தால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தகட்டைக் கழற்றும்போது இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள். சில மெசின்களில் வெளி யூனிற்றுக்குள் கரண்டை விடும் சுவிச் ஒன்று இருக்கும், கொன்ராக்டர் என்போம். அதன் இரண்டு செப்புத் தட்டுகளுக்கு நடுவில் எறும்பு புகுந்து கருகி, ஒரு கறுப்புப் பொடியாக அப்பிக் கிடப்பதை வன்னியில் நான் கண்டதுபோல வேறெங்கும் கண்டதில்லை. சூடு தேடி வருகிற பல்லி சில வேளை முனைகளுக்குக் குறுக்கே ஒட்டிக் காய்ந்திருக்கும். எலி வயரைக் கடித்திருக்கும். இதெல்லாம் கொம்பிரசரின் தலையில் விழுகிற பழிகள்.

சரி, இனிக் காஸ்.

ஏசியில் காஸ் முடிவதில்லை. அது பெற்றோல் மாதிரி எரிந்து தீருவதல்ல. மூடிய குழாய்க்குள் திரவமாகி, ஆவியாகி, மறுபடி திரவமாகிச் சுற்றிக்கொண்டே இருப்பது. பூட்டிய அன்று விட்டது இருபது வருடம் போனாலும் அப்படியே இருக்கவேண்டும். சைக்கிள் ரியூப்பில் காற்று இறங்கினால் நாம் ஒட்டுப் போடுவோமே தவிர ஒவ்வொரு மாதமும் அடித்துக்கொண்டிருக்க மாட்டோம். இங்கே மட்டும் மூன்று வருடமாக அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கசிவு எங்கே என்று ஒருமுறைகூட அவர் தேடவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம். உள் யூனிற்றின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் என்பது காஸ் குறைந்ததற்கான அடையாளம். குறைந்த காஸ் குழாயின் முதல் பகுதியிலேயே ஆவியாகி அங்கே மட்டும் உறைந்துவிடும், மீதிப் பரப்பு சும்மா கிடக்கும். ஃபில்ரரில் தூசு அடைத்து ஐஸ் கட்டுவதென்றால் அது பெரும்பாலும் முழுப் பரப்பிலும் படரும்.

ஆனால் ஏன் பங்குனிக்குப் பங்குனி? இதைக் கொஞ்சம் யோசித்தேன். பங்குனி, சித்திரையில் வெயில் ஏறுவது ஒரு காரணம், குளிர் குறைவது அப்போதுதான் உறைக்கும். மற்றது காலபோக அறுவடை. தையிலிருந்து பங்குனி வரை உங்கள் பக்க வயல்களில் வெட்டு மெசின் ஓடி, பதரும் தூசும் காற்றில் பறந்து, நிலத்தில் இருக்கும் வெளி யூனிற்றின் பின்பக்கத் தகடுகளில் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். சூட்டை வெளியே தள்ளவேண்டிய பரப்பு மூடிக்கிடந்தால் எந்த ஏசியும் குளிராது. அந்த நிலையில் காஸை மட்டும் ஏற்றினால் அழுத்தம் கூடும், கொம்பிரசர் இன்னும் வேகும். உங்களுக்குக் கசிவு இருப்பது உறுதி. தூசும் சேர்ந்திருக்க நிறைய வாய்ப்பு. ஒவ்வொரு வருடமும் காஸ் போட வந்தவர் அந்தப் பின்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவினாரா என்று யோசித்துப் பாருங்கள். அறுவடை முடிந்ததும் ஒருமுறை, சோளகக் காற்று தூசைக் கொண்டுவந்து கொட்டி ஓய்ந்ததும் ஒருமுறை கழுவினால் போதும். மெயினை நிறுத்திவிட்டு, தோட்டத்துக் குழாயால் மெதுவாக, தகடுகள் வளையாமல்.

மாட்டுக்கொட்டில் பக்கத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் சும்மா அடையாளத்துக்குச் சொல்லியிருப்பீர்கள், எனக்கு அதுதான் முக்கியமான வரி. மாட்டுச் சிறுநீரிலிருந்து வரும் அமோனியா செப்பையும் பித்தளையையும் அரிக்கும். குழாய்கள் செப்பு, நட்டுகள் பித்தளை. அதோடு புதுக்குடியிருப்பிலிருந்து கடலும் தூரமில்லை, உப்புக் காற்று அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டாலே உதிரும் அளவுக்குத் தின்றுவிடும். பன்னிரண்டு வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற மெசின் அது.

கசிவைத் தேடுவது இப்படி. முதலில் கண்ணால். காஸோடு சேர்ந்து எண்ணெயும் ஓடுவதால் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். குழாய்கள் யூனிற்றில் சேரும் நட்டுகளில்தான் முதலில் பார்ப்பது. பிறகு நைதரசன் ஏற்றி அழுத்தத்தைப் பிடித்து, சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. நட்டில் கசிந்தால் குழாயின் வாயைப் புதிதாக விரித்துப் பூட்டினால் சரி, சின்ன வேலை. உள் யூனிற்றின் சுருளுக்குள் ஊசிமுனை அளவுத் துளையென்றால் ஒட்டுவதில் பிரயோசனமில்லை. ஒன்றை அடைத்தால் அரித்த குழாய் அடுத்த மாதம் பக்கத்தில் திறக்கும்.

இங்கேதான் ஆர்-22 என்பது வருகிறது. ஓசோன் படையை அரிக்கும் வாயுக்களை ஒழிக்க 1987இல் செய்த மொன்றியல் உடன்படிக்கையின்படி இலங்கை போன்ற நாடுகள் இந்த வகை வாயுவை 2015இலிருந்து படிப்படியாக வெட்டி வருகின்றன. 2025இலிருந்து அடிப்படை அளவின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பாவிக்கலாம். 2030இலிருந்து, பழைய மெசின்களைப் பராமரிக்க விடும் சிறு அளவைத் தவிர, இல்லை. காஸ் இன்றைக்குக் கிடைக்கிறது, நாளைக்கும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் வருடா வருடம் விலையேறும். தட்டுப்பாடு வந்தால் கலப்படமும் வரும். ஆர்-22 என்ற பெயரில் எரியக்கூடிய வாயுக் கலவையை ஏற்றிவிடுகிறார்கள். படுக்கையில் ஒரு நோயாளி இருக்கும் அறையில் அந்த விளையாட்டே வேண்டாம். “ஆர்-22 இல்லை, 410 போட்டுவிடுகிறேன்” என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள். 410 (ஆர்-410ஏ) வேறொரு காஸ், அதன் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல், எண்ணெயும் வேறு வகை. அந்தக் குழாயும் கொம்பிரசரும் அதற்குச் செய்ததல்ல.

ஆக, உங்களுக்கு என் முடிவு. கப்பாசிற்றரும் கரண்டும்தான் பிரச்சினை, கசிவு நட்டில்தான் என்று வந்தால் திருத்துங்கள். கழுவி, நட்டைச் சரிசெய்து, பம்பு வைத்துக் குழாயைக் காற்றில்லாமல் இழுத்து, தகட்டில் எழுதிய அளவுக்குத் தராசில் நிறுத்துக் காஸ் விடவேண்டும். அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக விடுவதல்ல. இதற்கு ஆகும் செலவைப் பொறுத்துக்கொண்டு இன்னும் ஓரிரு வருடம் ஓட்டலாம். உள்சுருளில் கசிவு, அல்லது கொம்பிரசரின் சுருள் உண்மையிலேயே போய்விட்டது என்றால், இந்த மெசினில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். தொண்ணூறாயிரத்துக்கு வருகிற கொம்பிரசர் வேறொரு மெசினிலிருந்து கழற்றிப் பெயின்ற் அடித்ததாகவும் இருக்கலாம். சுருள் எரிந்திருந்தால் குழாய் முழுவதும் அமிலம் பரவியிருக்கும், அதைக் கழுவி எடுக்காமல் பூட்டினால் அடுத்ததையும் அது தின்னும். அதே ஓட்டைச் சுருள், அதே ஆர்-22. பன்னிரண்டு வருடத்து மெசினுக்குப் புதியதன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவு சொன்னாலே நான் வேண்டாம் என்பேன். ஐந்து வருடத்து மெசின் என்றால் பாதி வரை யோசிக்கலாம்.

உங்கள் விவரங்களை வைத்து ஊகிக்கச் சொன்னால், ஒன்றரை மாதத்தில் காலியாகும் கசிவு, மாட்டுக்கொட்டில், கடல்காற்று, வயது எல்லாம் சேர்த்து மாற்றும் பக்கம்தான் தராசு சாய்கிறது. ஆனால் கப்பாசிற்றரை முதலில் மாற்றிப் பாருங்கள். புதியது வந்து பூட்டும்வரை அப்பாவுக்கு ஏதாவது ஓடவேண்டுமே. அவசரத்தில் வாங்கினால் கடைக்காரர் வைத்திருப்பதைத்தான் வாங்குவீர்கள்.

அந்தக் கடைக்காரர் சொன்னதையும் பார்ப்போம். 132 சதுர அடி அறைக்கு 18,000 எதற்கு? பெரிய மெசின் சட்டென்று குளிர்த்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை உறிஞ்ச நேரம் கிடையாது. மாரியில் அறை குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், படுக்கையில் இருப்பவருக்கு அது ஆகவே ஆகாது. 12,000 போதும். ஆனால் ஒரு நிபந்தனையோடு: சீலிங். சீற்றுக்குக் கீழே நேரே திறந்திருக்கும் அறையில், மத்தியானம் சீற் அடுப்பு மாதிரிக் காயும்போது 18,000 போட்டாலும் தோற்கும். சுவருக்கும் கூரைக்கும் இடையில் இருக்கும் இடைவெளியால் நீங்கள் காசு கொடுத்துக் குளிர்த்திய காற்று போய்க்கொண்டே இருக்கும். அந்த ஒரு அறைக்கு மட்டும் சீலிங் அடித்து, மேலே வெப்பம் தடுக்கும் பளபளப்புத் தாளை விரித்து, இடைவெளிகளை அடையுங்கள். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு கிடுகுத் தாழ்வாரம் இறக்கினால் பின்னேர வெயில் சுவரில் அடிக்காது. பழைய ஆட்கள் செய்ததுதான், கல்வீடு கட்டியதும் விட்டுவிட்டோம். 18,000க்கும் 12,000க்கும் உள்ள விலை வித்தியாசமே சீலிங்கின் ஒரு பகுதிக்குக் காணும். உங்கள் சீற் அஸ்பெஸ்ரஸ் என்றால் ஒன்று, ஆணி அடிக்கத் துளைக்கவோ அறுக்கவோ விடாதீர்கள், தூசு நெஞ்சுக்குக் கூடாது. சீலிங்கைச் சுவரில் தாங்கும் சட்டத்தில் தனியாகத் தொங்கவிடச் சொல்லுங்கள்.

சூடும் தருவது என்று விற்பது வேறு கதை. அதில் காஸ் ஓடும் திசையைத் திருப்பும் ஒரு வால்வு கூடுதலாக இருக்கும், குளிர்காலத்தில் வெளியே இருக்கும் சூட்டை உள்ளே இழுக்கும். கனடாவில் அது தங்கம். வன்னியில் மார்கழிப் பனிக்கு ஒரு கம்பளி போதும். பாவிக்காத ஒரு வால்வுக்குக் காசு கொடுத்து, அது பழுதானால் அதற்கும் செலவழிக்க வேண்டாம்.

தம்பி சொன்னது பிழையில்லை, அந்த ஊருக்குச் சரி. அங்கே வீடு முழுவதற்கும் ஒரே காற்றுக்குழாய். சூடாக்கும் மெசினின் விசிறிதான் ஏசியின் காற்றையும் தள்ளும், ஏசியின் உள்சுருள் அந்த மெசினின் தலையில்தான் உட்கார்ந்திருக்கும். ஒன்றைக் கழற்ற மற்றதையும் கழற்றவேண்டி வருவதால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது அங்கே கணக்குக்குச் சரி. நமக்கு ஒரு சுவரில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். வருடக் கணக்கையும் அப்படியே எடுக்கமுடியாது. அங்கே ஏசி வருடத்தில் மூன்று, நான்கு மாதம் ஓடும், இங்கே பன்னிரண்டு மாதமும். காசு அனுப்பட்டும், மெசினை மட்டும் அங்கிருந்து அனுப்ப விடாதீர்கள். அங்கே மின்சாரம் 60 ஹேட்ஸ், நமக்கு 50. பார்சலில் வந்து இறங்கிய பெட்டிகள் சில வீடுகளில் இப்போது அம்மாமாருக்குத் தட்டு வைக்கும் மேசையாக இருக்கின்றன.

இன்வேட்டர் எடுக்கலாமா என்றால், உங்களுக்கு எடுக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போடுகிறவருக்கு அதன் கூடுதல் விலை திரும்பி வராது. அப்பாவுக்கு நாள் முழுக்க ஓடப்போகிறது. பழைய 12,000 ஓடும்போது ஏறத்தாழ 1.1 கிலோவாற் எடுக்கும். நாளைக்குப் பத்து மணி நேரம் மட்டும் போட்டு, அதில் ஏழு மணி நேரம் கொம்பிரசர் ஓடினாலும் ஏழரை அலகுக்கு மேல், மாதத்துக்கு 230 அலகுக்குக் கிட்ட. மின்சார சபையின் வீட்டுக் கட்டணத்தில் 180 அலகைத் தாண்டுகிற ஒவ்வொரு அலகும் ஆகக் கூடிய விலைக்கு வரும், வீட்டு லைற்றும் ஃபானும் ஃபிரிட்ஜும் அதற்கு மேலே. சரியான அளவில் எடுத்த நல்ல இன்வேட்டர், சீலிங் அடித்த அறையில், 26 பாகையில் வைத்தால், மாதத்துக்கு எண்பது, நூறு அலகு குறைவது நடக்கிற காரியம். குறைவது எல்லாம் அந்த விலை கூடிய அலகுகளில்தான். ஃபானையும் மெல்லப் போட்டால் 27 கூடப் போதும். காற்று நேரே அப்பாவின் முகத்திலோ செயலிழந்த பக்கத்திலோ அடிக்காமல், கால்மாட்டுச் சுவரில் பூட்டிக் காற்றை மேல்நோக்கி விடச் சொல்லுங்கள். எத்தனை பாகை அவருக்கு ஏற்றது என்பதை டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்வேட்டருக்கு இரண்டாவது நன்மை, அது மெல்ல மெல்ல எழும்பும், இரவு எட்டு மணிக் கரண்டில் பழையதுபோல முக்காது. கெடுதி, அதன் மூளை ஒரு எலெக்ரோனிக் போர்ட். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி முழங்குமே, அதில் ஒன்று கம்பியில் விழுந்தால் போர்ட் போய்விடும், விலையும் சும்மா இல்லை. எனவே பிரேக்கர் பெட்டியில் ஒரு சேர்ஜ் பாதுகாப்பு (கம்பியில் திடீரென்று பாயும் கூடுதல் கரண்டைத் தடுப்பது), உள்ளபடியான எர்த் கம்பி, ஏசிக்கென்று பிரதான பெட்டியிலிருந்து தனி வயர், 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாமல், 20 அம்பியர் பிரேக்கரோடு. பிளக்கில் குத்துவது வேண்டாம். முழக்கம் கேட்டால் பிரேக்கரை இறக்கிவிடுங்கள், ரிமோற்றில் நிறுத்தினால் காணாது. இரவில் வோல்ற்றேஜ் 216க்குக் கீழே போகிறதென்று அளந்து தெரிந்தால், அளவையும் நேரத்தையும் எழுதி மின்சார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 230இலிருந்து நூற்றுக்கு ஆறுக்கு மேல் இறங்கக்கூடாது என்பது அவர்களுடைய கணக்கு. உங்கள் தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது, ட்ரான்ஸ்போமர் கேட்பதற்கு ஒரு வீட்டுக் கடிதம் பத்தாது.

வாங்கும்போது எந்தப் பெயர் நல்லது என்று எல்லோரும் கேட்பார்கள். நான் பெயர் சொல்வதில்லை. கடையில் இதைக் கேளுங்கள்: இதற்குப் போர்ட் தேவைப்பட்டால் எங்கே இருக்கிறது, யாழ்ப்பாணத்திலா கொழும்பிலா? உத்தரவாதத்தில் திருத்த ஆள் புதுக்குடியிருப்புக்கு வருவாரா, வருகிற செலவு யாருடையது? கொம்பிரசருக்குப் பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மற்றச் சாமான்களுக்கு எத்தனை என்பதைச் சின்ன எழுத்தில் தேடுங்கள். விலையில் பத்தாயிரம் குறைந்த மெசினுக்கு ஆள் வர மூன்று கிழமை எடுத்தால் அந்த மூன்று கிழமை அப்பா வேர்க்கிறார். காஸ் ஆர்-32 என்றிருந்தால் நல்லது. ஓசோனைத் தொடாது, பூமியைச் சூடாக்குவதில் 410 செய்யும் கெடுதலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அது இலேசாக எரியக்கூடியது, அதனால் பூட்டுபவர் தொழில் படித்தவராக இருக்கவேண்டும். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பூட்டும் நாளில் நீங்கள் நின்று பாருங்கள். பழைய குழாயைத் திரும்பப் பாவிக்க விடாதீர்கள், அதில் பழைய எண்ணெய் இருக்கிறது. குழாய் செப்பாக இருக்கட்டும். பூட்டியதும் வெற்றிடப் பம்பு ஓடவேண்டும், அரை மணி நேரமாவது. கொஞ்சம் காஸைத் திறந்துவிட்டு “காற்றைத் துரத்திவிட்டேன்” என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். குழாயில் மிஞ்சும் ஈரம் பிறகு கொம்பிரசரைத்தான் பிடிக்கும். வெளி யூனிற் மேற்குச் சுவரில் வேண்டாம், மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்திலும் வேண்டாம். வடக்கு அல்லது கிழக்குச் சுவரில், இரும்புத் தாங்கியில், நிலத்திலிருந்து உங்கள் இடுப்பளவு உயரத்தில். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிலத்தில் இருந்த யூனிற்றுகள் எத்தனை தண்ணீருக்குள் போயின என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். தண்ணீர் வடியும் குழாயை வாழைக்கு விடுங்கள், ஆனால் நுனி பாத்தித் தண்ணீருக்குள் அமிழக்கூடாது, அமிழ்ந்தால் வீட்டுக்குள் ஒழுகும்.

பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே தூக்கிக் கொடுத்தால் அவர் முதலில் வெட்டுவது செப்புக் குழாயைத்தான், மிஞ்சிய காஸ் அவ்வளவும் வானத்துக்குப் போகும். கழற்றுபவரிடம் அந்தக் காஸை வெளி யூனிற்றுக்குள் இழுத்துப் பூட்டி, அதைச் சிலிண்டரில் எடுக்கும் வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கப்பாசிற்றர், கொன்ராக்டர், விசிறி மோட்டர் நல்லாயிருந்தால் அவரே ஒரு விலை தருவார்.

இப்போதைக்கு நாளைக்கே செய்யவேண்டியது இரண்டு. வெளி யூனிற்றின் பின்பக்கத்தைக் கழுவுங்கள். வேறொருவரைக் கூப்பிட்டு இரவு எட்டு மணிக்கு அந்த அளவுகளை எடுப்பியுங்கள். அவர் எழுதித் தரும் தாளையும், வெளி யூனிற்றின் தகட்டையும், குழாய் சேரும் நட்டுகளையும் ஃபோனில் படம் எடுத்து அனுப்புங்கள். எண்ணெய்க் கறுப்பு எங்கே இருக்கிறது என்று படத்திலேயே தெரிந்துவிடும். அதுவரை தம்பியிடம் காசை அங்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், மேசனிடம் மட்டும் சீலிங்குக்கு விலை கேட்டு வையுங்கள்.